அரைப்பேர் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கட்டுநாயக்கவிலிருந்து பறக்கும் ஒரு விமான நிறுவனத்தில் ஆறு வருடமாகப் பணிப்பெண்ணாக இருக்கிறேன். வீடு கொட்டாஞ்சேனை. எங்கள் சங்கமும் நிர்வாகமும் ஒன்றரை வருடம் பேசி இப்போது ஒரு தற்காலிக இணக்கப்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள். அங்கத்தவர்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்டால்தான் கையெழுத்து. வாக்கெடுப்பு அடுத்த வாரம்.

சம்பளம் நன்றாகக் கூடுகிறது என்கிறார்கள். சீனியர்கள் நிலுவைக் காசு வந்தால் போதும், ஆம் போடு என்கிறார்கள். என்னோடு சேர்ந்தவர்கள் வேண்டாம் என்கிறார்கள். கனடாவில் இருக்கும் மச்சாள், அங்கே பணிப்பெண்கள் 99 வீதம் நிராகரித்தார்கள், நீங்கள் ஏன் பயப்படுகிறீர்கள் என்று கேட்கிறாள். அப்பா 1980ஐச் சொல்லிப் பயப்படுகிறார். அம்மா, தமிழ்ப் பிள்ளைக்குச் சங்கம் எதற்கு என்கிறார்.

ஒப்பந்தம் அறுபது பக்கம், ஆங்கிலத்தில். முழுதும் வாசிக்க நேரமில்லை. வட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு பக்கச் சுருக்கத்தை வாசித்தேன். ஆம் போடுவதா, இல்லை போடுவதா? மூன்று நாளாக நித்திரை இல்லை.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள மகள்,

உங்கள் கடிதம் வந்த காலையில் நான் என் அக்காவின் பழைய சம்பளத் துண்டுகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் 31 வருடம் கொழுந்து எடுத்தவர். இப்போது என்னோடு இருக்கிறார். வேலைக்காலத்தில் சேர்ந்த சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று பிஸ்கட் டின்னைத் திறந்தோம். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். அறுபது பக்கம் வாசிக்க நேரமில்லை என்று எப்படி எழுத மனம் வந்தது? மூன்று இரவு நித்திரையில்லாமல் கிடந்திருக்கிறீர்கள். இரவுக்கு இருபது பக்கம் என்று வாசித்திருந்தால் இன்றைக்கு முடிந்திருக்கும். அடுத்த சில வருடத்துக்கு நீங்கள் எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும், எத்தனை நாள் வீட்டில் இருக்கலாம், பிள்ளை பிறந்தால் எப்போது திரும்பிப் பறக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. அதை வாசிக்காமல் ஆம் போட்டாலும் பிழை, இல்லை போட்டாலும் பிழை.

அப்பா சொல்வது உண்மை. 1980 ஜூலையில் மாதம் 300 ரூபாய் கூட்டிக் கேட்டு வேலையை நிறுத்தியவர்களில் 40,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டைக் கண்ட தலைமுறை அவருடையது. ஆனால் உங்கள் கையில் இருப்பது ஓர் ஒப்பந்தத்தை ஏற்பதா என்ற வாக்கு. வேண்டாம் என்று முடிந்தால் சங்கம் திரும்பப் பேசப் போகும். வேலைநிறுத்தம் வேறு முடிவு, அதற்கு வேறாகக் கேட்பார்கள். இதை அப்பாவுக்குப் பொறுமையாக விளங்கப்படுத்துங்கள். அம்மா சொன்னதற்கு நான் பதில் எழுத மாட்டேன். 83க்குப் பிறகு கொழும்பில் பிள்ளை வளர்த்த தாய் வேறெப்படிச் சொல்வார்? அவர் கையால் சாப்பிட்டுவிட்டு வாக்களிக்கப் போங்கள்.

மச்சாள் சொன்னது பாதிதான். 2025 ஓகஸ்ட் 16ஆம் திகதி எயார் கனடாவில் சுமார் 10,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். அன்றைக்கே அரசாங்கம் தலையிட்டு வேலைக்குத் திரும்ப வைக்கப் பார்த்தது. அவர்கள் திரும்பவில்லை. 19ஆம் திகதி இணக்கம் வந்தது. அதற்குப் பிறகு 99.1 வீதம் பேர் வேண்டாம் என்று போட்டது சம்பளப் பகுதிக்கு மட்டும். மற்றப் பகுதிகள் முடிவாகிவிட்டன. இல்லை போட்டாலும் மறுபடி வேலைநிறுத்தம் கிடையாது, விஷயம் மத்தியஸ்தத்துக்குப் போகும் என்று தெரிந்துதான் போட்டார்கள். அதே வருடம் ஜூலையில் அமெரிக்காவில் யுனைட்டட் எயார்லைன்ஸ் விமானப் பணியாளர்கள் தங்கள் ஒப்பந்தத்தை 71 வீதம் நிராகரித்தார்கள். அங்கே 1926ஆம் ஆண்டின் ரயில்வேத் தொழிலாளர் சட்டம்தான் 1936இலிருந்து விமானத்துக்கும். அதன்படி பழைய ஒப்பந்தம் காலாவதி ஆகாது, புதியது வரும்வரை பழைய சம்பளத்திலேயே ஓடும். அந்தக் காத்திருப்பையும் கணக்கில் போட்டுத்தான் அவர்கள் இல்லை என்றார்கள். நீங்கள் இல்லை போட்டால் என்ன நடக்கும்? நிலுவைக் காசு நிற்குமா? பழைய நிபந்தனைகள் தொடருமா? உங்கள் ஒரு பக்கச் சுருக்கத்தில் அது இருக்கிறதா?

சரி, சம்பளத் துண்டுக்கு வருகிறேன்.

தோட்டத்திலும் கூட்டு ஒப்பந்தம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் கொழும்பில் கையெழுத்து வைப்பார்கள். 2018இல் நாளுக்கு அடிப்படைச் சம்பளம் 1000 ரூபாய் வேண்டும் என்று மலையகமே கேட்டது. ஒக்டோபர் 24ஆம் திகதி காலிமுகத்திடலில் கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் கூடினார்கள். கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் நிற்கும் நம் பிள்ளைகள். நானும் போயிருந்தேன். எனக்குப் பக்கத்தில் நின்ற பையன், முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னான். கறுப்புச் சட்டை அவனுக்கு இரண்டு அளவு பெரிது, யாரிடமோ இரவல்.

2019 ஜனவரி கடைசியில் கையெழுத்து விழுந்தது. 500 ஆக இருந்த அடிப்படை 700 ஆகிறது என்று செய்தி. இருநூறு ரூபாய் ஏற்றம், 40 வீதம்! அன்று இரவு அக்கா போன் எடுத்தார்.

"தம்பி, எழுநூறு கெடச்சிருச்சின்னு டிவியில சொல்றாங்க. நமக்கு முன்னமே எழுநூத்தி முப்பது இல்ல?"

இரண்டு துண்டும் இப்போது என் முன்னால் இருக்கின்றன. பழைய கணக்கில் அடிப்படை 500, கொழுந்துக்கு 140, வரவுக்கு 60, தேயிலை விலைப் பங்கு 30. எல்லாம் சரியாகக் கிடைத்தால் நாளுக்கு 730. புதிய கணக்கில் அடிப்படை 700, விலைப் பங்கு 50. அந்த 140ஐயும் 60ஐயும் காணோம். மொத்தம் 750. மலையகமே தெருவில் நின்றதற்கு, முன்பு முழுதாக வாங்கியவருக்குக் கிடைத்தது நாளுக்கு இருபது ரூபாய். அடிப்படை ஏறியதால் சேமலாப நிதி கூடியது, அதை நான் மறைக்கவில்லை. இன்று அக்கா விண்ணப்பிக்கும் காசில் அதுவும் சேர்ந்திருக்கிறது. ஆனால் கூட்டியதை டிவியில் சொன்னார்கள். கழித்ததை அக்கா தானே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். ஏற்கிறாயா என்று அவரிடம் யாரும் ஒரு தாளை நீட்டவில்லை. அதனால்தான் உங்கள் மேல் எனக்கு இத்தனை கோபம். அவருக்கு ஒருநாளும் கிடைக்காத தாள் உங்கள் போனுக்குள் திறக்காமல் கிடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இதை நான் எத்தனையோ வருடமாகச் சொல்லி வருகிறேன், மறுபடி சொல்வதற்கு மன்னியுங்கள். எவ்வளவு கூலி என்பதற்கு முன்னால் எந்த நேரத்துக்குக் கூலி என்று கேட்க வேண்டும். அக்கா மலையிலிருந்து கூடையோடு இறங்கிக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையில் நிற்பார். மழை பெய்யும். கணக்கப்பிள்ளை வர வேண்டும், தராசைத் தொங்கவிட வேண்டும், சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று இரண்டு மூன்று கிலோ கழிக்க வேண்டும். அந்த நிற்கிற நேரத்துக்குக் கூலி இல்லை. கழித்த பிறகு கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான் விழும். காலையிலிருந்து முழு ஆளாக மலையேறியவருக்குப் புத்தகத்தில் அரை ஆள் என்று பெயர்.

உங்கள் வேலையிலும் அந்த மடுவம் இருக்கிறது, மகள். கனடாவில் அவர்கள் சண்டை பிடித்ததில் முக்கியமானது அதுதான். அங்கே விமானம் ஓடத் தொடங்கும்வரை சம்பள மணி ஓடவில்லை. ஆனால் வேலை எப்போதோ தொடங்கிவிட்டது. சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகும் கிழவரைக் கைபிடித்து உட்காரவைக்கிறீர்கள். குவைத்துக்கு முதல்முறை போகும் பெண்ணுக்குப் பட்டி போடத் தெரியாது, அழுகிறாள். குனிந்து அதை மாட்டிவிட்டுத் தோளைத் தட்டிக் கொடுக்கிறீர்கள். கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. அந்த நேரத்துக்கு என்ன? கனடாவில் பாதிச் சம்பளத்திலிருந்து தொடங்கி வருடாவருடம் கூட்டுவதாக எழுதி வாங்கினார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் மணி எந்த நிமிடத்திலிருந்து ஓடுகிறது? விமானம் தாமதமானால் யார் நேரம் போகிறது? ஏறுவதில் எவ்வளவு அடிப்படைக்கு, எவ்வளவு கொடுப்பனவுக்கு? பழையதில் இருந்து புதியதில் இல்லாத வரி எது? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரல் வைத்து வாசியுங்கள்.

சங்கத்திடம் தமிழிலும் சிங்களத்திலும் முழுப் பிரதி கேளுங்கள். வாக்கெடுப்பை ஒரு வாரம் தள்ளிப்போட்டாவது தரட்டும். கையெழுத்தாகித் தொழில் ஆணையாளர் நாயகத்திடம் போய் வர்த்தமானியில் வந்துவிட்டால், 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குச் சட்டப்படி அது உங்களைக் கட்டும். அப்புறம் வாசித்து என்ன பயன்?

ஆமா இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் வீட்டில்தான் இருப்பேன், விலாசத்தைத் தனியாக அனுப்புகிறேன். அறுபது பக்கத்தையும் அச்செடுத்து, பழைய ஒப்பந்தத்தையும் கொண்டு வாருங்கள். புதுக்கடையில் தொழில் வழக்குப் பேசிய நண்பர் ஒருவரை வரச் சொல்லியிருக்கிறேன். அக்காவும் இருப்பார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நீங்கள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வாருங்கள். எந்த இடத்தில் கழித்திருக்கிறார்கள் என்று அவர் பிடித்துவிடுவார்.