மலை உச்சி முதல் கடலடி வரை: ஹைடா மக்கள் பற்றிக் கேட்டவை

கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், ஹைடா குவாய் தீவுகளில் ஹைடா என்ற பழங்குடி மக்களே கடலைக் காப்பது பற்றிக் கோத்தகிரியில் பேசினேன். அப்புறம் வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

குன்னூர் ஐயா: மலையில் இருக்கிற நமக்குக் கடல் கதை எதற்கு?

அந்தக் கதையும் மரத்தில்தான் தொடங்கியது ஐயா. 1985-ல் லையல் தீவில் மரம் வெட்டப் போன பாதையை ஹைடா மக்கள் மறித்து நின்றார்கள், மூத்தவர்கள் உட்பட 72 பேர் கைதானார்கள். இன்று குவாய் ஹானாஸ் என்ற அந்தப் பகுதியில் சுமார் 1,500 சதுர கி.மீ. நிலமும் 3,500 சதுர கி.மீ. கடலும் ஒரே பாதுகாப்பில் இருக்கின்றன.

கூடலூர் தம்பி: எங்கள் ஊர்ப் பையன்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இருக்கிறார்களே அண்ணா, அதுவும் இதுதானே?

இல்லை தம்பி. ஹைடாவிலும் 1981 முதல் பழைய ஊர்களைக் காக்கும் காவலர்கள் இருக்கிறார்கள், ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. 1993 ஒப்பந்தப்படி நிர்வாகக் குழுவில் ஹைடாவும் அரசும் சம எண்ணிக்கையில் உட்காருகிறார்கள், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. இந்த நிலம் யாருடையது என்பதில் அப்போது அவர்கள் ஒத்துப்போகவில்லை. ஆகவே இரண்டு தரப்பின் நிலைப்பாட்டையும் ஒப்பந்தத்திலேயே அருகருகே எழுதி வைத்துவிட்டு, காப்பாற்றும் வேலையைச் சேர்ந்து செய்கிறார்கள். 2010-ல் இதே ஏற்பாடு கடலுக்கும் வந்தது. கூலிக்கு ரோந்து போவது வேறு, எந்த இடத்தை மூடுவது, எதைப் பிடிப்பது என்று முடிவெடுப்பது வேறு. அந்த இரண்டாவது அதிகாரம் கையில் இல்லாதவரை அதைத் தலைமை என்று நான் சொல்லமாட்டேன்.

மசினகுடியிலிருந்து: அரசு கேட்காவிட்டால்?

2015-ல் அதுதான் நடந்தது. ஹெர்ரிங் மீன் இன்னும் தேறவில்லை என்று ஹைடா சொல்லியும் அரசு வணிக மீன்பிடிப்பைத் திறந்தது. ஹைடா மக்கள் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார்கள்.

ஊட்டி மாணவி: யாரும் கை வைக்காமல் விட்டால் கடல் தானாகவே தேறாதா?

சில நேரம் தேறாதும்மா. ரோமத்துக்காகக் கடல் நீர்நாய்களை வேட்டையாடித் தீர்த்தபின், அவை தின்றுவந்த கடல் முள்ளெலிகள் (முள் உருண்டை போன்ற கடல் உயிரிகள்) பெருகி, கெல்ப் என்ற பெரிய கடற்பாசிக் காட்டையே மேய்ந்துவிட்டன. அதனால் ஒரு தீவின் கரையோரம் சுமார் 3 கி.மீ. நீளத்துக்கு முக்குளித்து முள்ளெலிகளை அகற்றினார்கள். இங்கே உண்ணிச்செடியைப் பிடுங்குகிறோமே, அது மாதிரி.

கோத்தகிரி அக்கா: நம் கையில் என்ன இருக்கிறது?

கடலுக்கு இப்படி ஒரு சட்டம் நம்மிடம் இல்லை அக்கா, காட்டுக்கு இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)-ல், நீங்கள் வழிவழியாகக் காத்துவந்த சமூகக் காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. வீட்டுமனைக்கோ விவசாய நிலத்துக்கோ பட்டா வாங்கியதோடு விட்டுவிடாதீர்கள், இது வேறு மனு, படிவம் சி. கிராம சபையைக் கூட்டி, தேன் எடுக்கும் பாறை, சாமி இடம், மேய்ச்சல் என்று எல்லையைக் குறியுங்கள். மூத்தவர்கள் சொல்வதை எழுதி வைத்தால் அதுவும் சான்றாகும், அவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.