ஒரு ஜூஸும் நாலு பிஸ்கட்டும்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், ரத்தம் கொடுக்கப் போய் இரண்டு மணி நேரம் காத்திருந்ததைப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே பெட்டியை நிரப்பிவிட்டன, அதனால் இந்த முறை அரசியலும் சினிமாவும் கிடையாது. பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். சரி, எல்லோருக்கும் ஏரியா மட்டும். இன்னொன்று, நான் டாக்டர் இல்லை. இருபது வருடமாகக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறவன், அவ்வளவுதான்.

கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும் என் மகன் இதுவரை நாலு தடவை ரத்தம் கொடுத்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் ஒரு ஜூஸும் நாலு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு, சர்டிஃபிகேட்டோடு வருகிறான். "உனக்கு இதுல என்னடா கிடைக்குது?" என்று கேட்டால் சிரிக்கிறான். நீங்களாவது சொல்லுங்கள். – ஒரு அம்மா, பெரம்பூர்

அந்தச் சிரிப்பு எனக்கும் வரும் அம்மா, காரணம் சொல்லத்தான் வராது. முயற்சி பண்ணுகிறேன்.

முதல் தடவை நான் கொடுத்தது புண்ணியத்துக்காக இல்லை. கல்லூரியில் என்.எஸ்.எஸ். முகாம், ரத்தம் கொடுத்தால் மதியத்துக்கு மேல் வகுப்புக்கு வர வேண்டாம் என்றார்கள். அந்த வருடம் எனக்கு இரண்டு பேப்பர் அரியர், வீட்டில் என் பெயரே 'உருப்படாதவன்' என்று ஆகியிருந்தது. கட்டிலில் படுத்தேன், கையில் ஒரு ஸ்பாஞ்ச் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள், பை நிரம்ப பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் மயிலாப்பூரிலிருந்து உங்கள் ஊர் பக்கம் வரும் 29சி பஸ்ஸில் ஏறி நின்றுகொண்டிருந்தேன். முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்த கண்டக்டர் "ரத்தம் குடுத்தியா? உக்காருப்பா" என்று சொல்லி, முன் சீட்டில் இருந்தவரை எழுப்பி என்னை உட்கார வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏனென்று அன்றைக்குப் புரியவில்லை. மார்க், சிபாரிசு, இங்கிலீஷ் எதையும் கேட்காமல், என்னிடம் இருந்த ஒன்றை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள் இல்லையா, அது அந்த வயதில் எனக்கு வேறு எங்கேயும் நடக்கவில்லை. உங்கள் மகனுக்கும் இதே காரணம் இருக்கும் என்று சொல்ல மாட்டேன், அவன் நன்றாகப் படிக்கிற பையனாகக்கூட இருக்கலாம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. என் அக்காவுக்குப் பிரசவம் முடிந்து ரத்தப்போக்கு நிற்கவில்லை, ராத்திரி பதினொன்றரை மணி. எங்கள் வீட்டில் அத்தனை பேர் நின்றுகொண்டிருக்கிறோம், ஒருவருக்கும் அவள் குரூப் இல்லை, எனக்கும்தான். சொந்த ரத்தம், சொந்த ரத்தம் என்று கல்யாண வீட்டில் பேசுவதெல்லாம் அந்த வராண்டாவில் ஒன்றுக்கும் உதவவில்லை. மூன்று யூனிட் ஏற்றினார்கள். யாரோ மூன்று பேர், எப்போதோ எங்கேயோ படுத்துக் கொடுத்தது. அந்தப் பெண் குழந்தை இப்போது பத்தாவது படிக்கிறது, ஓயாமல் பேசுகிறது. அதற்கு முன்னால் வருடத்துக்கு ஒரு தடவை கொடுத்துக்கொண்டிருந்தவன், அதற்குப் பிறகு தேதி குறித்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

உங்கள் கேள்விக்குள் "பையன் உடம்பு என்ன ஆகும்" என்கிற பயமும் இருக்கிறது, தெரிகிறது. பெரியவர்கள் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம். எடுப்பது 350 மில்லி, எடை 55 கிலோவுக்கு மேல் என்றால் 450 வரை. 45 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடுக்கவே மாட்டார்கள். போன நீர்ச்சத்து ஓரிரு நாளில் திரும்பிவிடும், சிவப்பணுக்கள் சரியாக நாலு முதல் ஆறு வாரம், இரும்புச்சத்து தேற இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வைத்திருப்பது அதற்காகத்தான். கொடுக்காமலே வைத்திருந்தாலும் ஒரு சிவப்பணு சுமார் 120 நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. இறைக்கிற கிணறுதானே ஊறும். நீங்கள் முருங்கைக்கீரையும் கேழ்வரகும் போடுங்கள், அசைவம் உண்டென்றால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுச் சுவரொட்டி வாங்கி வறுத்துக் கொடுங்கள். சர்டிஃபிகேட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

ரத்தம் கொடுத்தால் ஹார்ட் அட்டாக் வராது, உடம்பு இளைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? – வேளச்சேரி

இளைக்காது. பிரியாணி சாப்பிட்ட கணக்கை ரத்தப்பையில் தீர்க்க முடியாது.

ஹார்ட் அட்டாக் விஷயத்தில் ஒரு சின்ன ஆதாரம் இருக்கிறது. பின்லாந்தில் 2,682 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1997-ல் வந்தது, ரத்தம் கொடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்ததாகச் சொன்னது. ஆனால் யோசித்துப் பாருங்கள், ரத்தம் கொடுக்க அனுமதிக்கப்படுகிறவனே ஏற்கெனவே ஆரோக்கியமானவன், சிகரெட்டும் பிரஷரும் அவனுக்குக் குறைவாக இருக்கலாம். கொடுத்ததால் நன்றாக இருக்கிறானா, நன்றாக இருப்பதால் கொடுக்கிறானா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அதனால் இதை நம்பி வராதீர்கள்.

நிஜமாகக் கிடைக்கிற உடம்பு லாபம் ஒன்று உண்டு, அதை ஏனோ யாரும் ஃபார்வர்ட் பண்ணுவதில்லை. ஓ.எம்.ஆரில் நான் வேலை பார்த்த ஆபீஸில் முகாம் நடந்தபோது, பக்கத்து சீட் நண்பரை பிரஷர் அதிகம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 38 வயது, அதுவரை ஒரு தலைவலி கிடையாது. டாக்டரிடம் போனார், இன்றுவரை மாத்திரையில் நன்றாக இருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை யாரோ ஒருவர் உங்கள் எடை, பிரஷர், ஹீமோகுளோபின் மூன்றையும் இலவசமாகப் பார்க்கிறார் என்றால் சும்மா இல்லை.

எடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா இந்த ஐந்துக்கும் டெஸ்ட் உண்டு. ஆனால் "டெஸ்ட் ஓசியில் ஆகிவிடும்" என்று நினைத்து மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். தொற்று வந்த புதிதில் டெஸ்ட்டில் தெரியாமல் போகலாம், அந்தப் பை வேறொருவர் உடம்புக்குள் போய்விடும். சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. டெஸ்ட் செய்கிற நம்பிக்கை மையம் இருக்கிறது, இலவசம், விஷயம் வெளியே போகாது.

மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் ஹீமோகுளோபின் குறைவு என்று அனுப்பிவிட்டார்கள். கூட வந்தவர்கள் எல்லாம் படுத்திருக்க, நான் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது அவமானமாக இருந்தது. – அம்பத்தூர்

மேடம், குறைந்தது 12.5 வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது அந்த ஹாலுக்கு வெளியே உங்களோடு நிற்க வேண்டியவர்கள் கூட்டமே இருக்கிறது, அவர்கள் வரவே இல்லை. இதில் அவமானப்பட என்ன இருக்கிறது?

அவமானத்தை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள். மூன்று தடவையும் எவ்வளவு என்று சொன்னார்கள்? அதை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள், மாதவிலக்கில் அதிகம் போகிறதா என்பதையும் சொல்லுங்கள், இரும்புச்சத்து மாத்திரை தேவையா என்று அவர் சொல்வார். சாப்பிட்ட உடனே டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், சாப்பாட்டில் இருக்கிற இரும்பை டீ உடம்பில் சேர விடாது. நீங்கள் கொடுக்கப் போய்தான் இது தெரிந்தது, ஆகவே உங்களுக்கு ஜூஸ் கிடைக்கவில்லையே தவிர மற்றது கிடைத்துவிட்டது.

காசு கொடுத்தால் ஆயிரம் பேர் வரிசையில் நிற்பார்களே, ஏன் கொடுப்பதில்லை? – ராயபுரம்

நின்றார்கள், ஒரு காலத்தில். ரத்தம் விற்றே சாப்பிட்டவர்கள் இருந்தார்கள். பசியில் இருக்கிறவன் போன வாரம் கொடுத்ததையும் காய்ச்சல் வந்ததையும் மறைப்பான், அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. 1986-ல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு ரத்தம் எங்கிருந்து வருகிறது என்கிற கேள்வி உயிர்ப் பிரச்சினை ஆகிவிட்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் எடுப்பதே தடை. மத்திய அரசு ஊழியராக இருந்தால், வேலை நாளில் கொடுத்ததற்கு அன்று ஒரு நாள் ஸ்பெஷல் லீவு, வருடத்துக்கு நாலு தடவை வரை. தனியார் முதலாளிகளும் இதைப் பார்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

சுகர் மாத்திரை சாப்பிடுகிறேன். கொடுக்கலாமா? – கொளத்தூர்

சுகர் கட்டுப்பாட்டில் இருந்து, கடந்த நாலு வாரத்தில் டோஸ் மாறவில்லை என்றால் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். இன்சுலின் என்றால் முடியாது. அங்கே இருக்கிற டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் மன்றத்தில் தலைவர் பிறந்தநாளுக்கு வருடா வருடம் பெரிய முகாம் நடத்துகிறோம். உங்கள் கருத்து? – வியாசர்பாடி

கும்பிடுகிறேன், அப்புறம் ஒரு குறை சொல்கிறேன். சிவப்பணுக்களைப் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அதிகபட்சம் 42 நாள், தட்டணுக்கள் (பிளேட்லெட்) 5 நாள்தான். நானூறு பேர் ஒரே நாளில் கொடுத்துவிட்டு அடுத்த பிறந்தநாள் வரை காணாமல் போனால், நடுவில் வருகிறவனுக்கு என்ன இருக்கும்? மே மாதம் கல்லூரிகள் லீவு, முகாம்கள் குறைந்துவிடும், வெயிலில் யாரும் வெளியே வருவதில்லை. விபத்தும் பிரசவமும் லீவு எடுப்பதில்லை. பிறவியிலேயே ரத்தம் சரியாக ஊறாத தாலசீமியா குழந்தைகளுக்கு இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும். நானூறு பேரை நூறு நூறாகப் பிரித்து நாலு நாள் வையுங்கள், அதில் ஒன்றை மே மாதம் வையுங்கள். தலைவர் கோபித்துக்கொள்ள மாட்டார், போஸ்டரும் நாலு அடிக்கலாம்.

நான் கொடுத்த ரத்தம் யாருக்குப் போனது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? – தாம்பரம்

இல்லை, சொல்ல மாட்டார்கள். ஒரு பையைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரித்தால் மூன்று பேருக்குக்கூடப் போயிருக்கும், நீங்கள் யாரைத் தேடுவீர்கள்? எனக்கும் அந்த ஆசை உண்டு. பார்க் ஸ்டேஷனில் இறங்கி ஜி.எச். பக்கம் நடக்கும்போதெல்லாம், வெளியே பிளாஸ்கோடு போகிறவர்கள் முகத்தைப் பார்ப்பேன். ஒரு தடவை பிளட் பேங்க் டெக்னீஷியனிடம் வாய்விட்டே கேட்டேன். "சார், பை மேல நம்பர்தான் இருக்கும், கையை மடக்குங்க" என்றார். எனக்கு 90 நாள் வருகிற 12-ம் தேதியோடு முடிகிறது. போகிறபோது இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறேன்.