படத்திலிருந்து பந்திக்கு வருவது எப்படி?

கிளிநொச்சியில் உயர்கல்வி மாணவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “படத்தைக் காட்டினால் பிள்ளைகள் ஓரளவு கதைக்கிறார்கள். பந்தி எழுதச் சொன்னால் பேனா நகர்வதில்லை. படம், ஒலி எல்லாம் சேர்த்துப் படிப்பிக்கச் சொல்கிறார்கள். எங்கள் வகுப்பில் மல்டிமீடியா புரொஜெக்டர் இல்லை. என்ன செய்யலாம்?”

மல்டிமீடியா இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 1996இல் இந்தச் சிந்தனையை முன்வைத்த ‘நியூ லண்டன் குழு’ என்ற கல்வி ஆய்வாளர்கள் பட்டியலிட்டவை கருவிகள் அல்ல. சொல், படம், ஒலி, உடலசைவு, இட அமைப்பு என்று நாம் பொருள் உணர்த்தும் வழிகளைத்தான். படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் மட்டும் எழுத்து வளராது. ஒரு வழியில் சொன்னதை இன்னொரு வழிக்கு மாற்றிச் சொல்லும்போதுதான் வளரும்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வயலுக்கு வரும் கதையை எடுங்கள். இருவர் இருவராகக் குளம், துருசு (மதகு), வாய்க்கால், வயல் என்று வரைந்து அம்புக்குறி போடட்டும். பிறகு ஒருவர் படத்தைத் தொட்டுத் தொட்டு ஆங்கிலத்தில் சொல்ல, மற்றவர் போனில் ஒரு நிமிடம் பதியட்டும். இடையில் தமிழ் கலந்தால் தடுக்க வேண்டாம். அப்புறம் சொன்னவரே அதைக் கேட்டு, பிழையோடு அப்படியே கொப்பியில் எழுத வேண்டும். எங்கெல்லாம் தமிழ் வந்ததோ, அந்தச் சொற்களைத்தான் நீங்கள் அன்று படிப்பிக்க வேண்டும்.

இலக்கணத்துக்கும் அந்தப் படமே கைகொடுக்கும். ‘துருசைத் திறந்தால் தண்ணி வரும்’ என்று தமிழில் சொல்லும்போது திறந்தவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. பிள்ளை அதே வழக்கத்தில் ‘ஓப்பன் த ஸ்லூஸ் வாட்டர் கம்’ என்று எழுதும். இது கவனக்குறைவு அல்ல, தமிழின் ஓட்டம். துருசடியில் ஒரு ஆளை வரையச் சொல்லுங்கள்: ‘த ஃபார்மர் ஓப்பன்ஸ் த ஸ்லூஸ்’. இப்போது அந்த ஆளை அழிக்கச் சொல்லுங்கள்: ‘த ஸ்லூஸ் இஸ் ஓப்பன்ட்’. கரும்பலகையில் செயப்பாட்டுவினை விதியை எத்தனை தரம் எழுதினாலும் பிடிபடாத பிள்ளைக்கு, ஆளை அழித்த அந்தக் கணத்தில் பிடிபடும்.

எப்போதாவது ஸ்லைட் காட்டக் கிடைத்தால், முழு வசனங்களையும் அதில் போட்டு வாசிக்காதீர்கள். ஒரே சொற்களைத் திரையிலும் குரலிலும் ஒன்றாகக் கொடுப்பது சுமையாகலாம் என்பதைக் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. படமும் நாலைந்து முக்கிய சொற்களும் போதும்.

திருத்தும்போது சிவப்புப் பேனாவுக்குப் பதிலாக வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பிப் பாருங்கள். “இரண்டாவது வசனத்தில் தண்ணீர் எங்கே போனதென்று எனக்கு விளங்கவில்லை” என்று உங்கள் குரலில் கேட்டால் பிள்ளை திரும்ப எழுதும். வீடியோ வேண்டாம், டேட்டா கரைந்துவிடும்.

சரி, பரீட்சையில் போனும் இல்லை, படமும் இல்லையே என்பீர்கள். அதனால் கடைசி வாரங்களில் பதிவை நிறுத்திவிட்டு, வரைபடத்தை மட்டும் வைத்திருங்கள். வேலைத்தாளின் ஓரத்தில் இரண்டு நிமிடம் பென்சிலால் கீறிவிட்டு எழுதத் தொடங்கட்டும். புள்ளியைப் பந்திக்கு மட்டும் போடுங்கள். படம் வடிவாக இருக்கிறதென்று ஒரு புள்ளிகூடக் கூட்டாதீர்கள்.