அலமாரியில் கிடக்கும் கேமராவை வெளியே எடுக்க வைக்கும் லென்ஸ் எது?

குடியாத்தத்தில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றும் வாசகி ஒருவர் கேட்கிறார்: கேனான் 200டி மார்க் 2 கேமராவை 18-55, 55-250 ஆகிய இரண்டு லென்ஸ்களோடு வாங்கினேன். முதல் சில மாதங்கள் வேலூர்க் கோட்டை, எங்கள் தெருவில் கைலி நெய்பவர்கள், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்று ஓயாமல் எடுத்தேன். இப்போது கேமராவைத் தொடவே தோன்றுவதில்லை. 20,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ஸ்டூடியோ வைத்திருக்கும் மாமா மகன் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கச் சொல்கிறார். கடைக்காரரோ, இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் 18-300 வாங்கிவிடலாம், லென்ஸ் மாற்றும் வேலையே இருக்காது என்கிறார். மீண்டும் படமெடுக்கும் ஆசையை வரவழைக்கும் லென்ஸ் எது?

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எடுக்க விரும்புவதாகச் சொல்லும் பொருள்களுக்கு, கேனானின் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் என்ற சிறிய தட்டை லென்ஸே முதலிடம் பெறுகிறது. மாமா மகன் சொல்லும் 50 நல்ல லென்ஸ்தான். ஆனால் உங்கள் தெருவுக்கு அது இரண்டாம் இடத்தில்தான் வரும். கடைக்காரர் காட்டுவதை வாங்க வேண்டாம். மி.மீ. எண் என்பது லென்ஸின் குவியத் தூரம்; அது குறைந்தால் காட்சி அகலும், கூடினால் நெருங்கும். எஃப் எண் லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்லும்; அது குறைந்தால் வெளிச்சம் கூடும்.

படமெடுக்கும் ஆசை ஏன் வற்றுகிறது என்பதைப் பார்த்தால் இந்த வரிசை விளங்கும். ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் நின்ற இடத்திலேயே நின்று, கேமராவைக் கண்ணில் வைத்த பிறகே வளையத்தைத் திருப்பி, எவ்வளவு உள்ளே வரட்டும் என்று தீர்மானிக்கிறார்கள். இதனால் படத்தைத் தேடும் வேலை கேமராவுக்குள்தான் தொடங்குகிறது. அது தோளில் தொங்கும் நேரத்தில் தெருவில் எதுவும் படமாகத் தெரிவதில்லை. ஒரே குவியத் தூரம் கொண்ட பிரைம் லென்ஸைச் சில வாரங்கள் கழற்றாமல் வைத்திருப்பவருக்கு, அது காட்டும் படச்சட்டத்தின் அகலம் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. வாசலில் உட்கார்ந்து ராட்டை சுற்றும் அம்மாளைப் பார்த்த உடனே, இரண்டு எட்டு முன்னே போனால் ராட்டையும் கையும் மட்டும் வரும், இங்கேயே நின்றால் கதவும் திண்ணையும் சேர்ந்து வரும் என்பது கேமராவைத் தூக்கும் முன்பே தெரிந்துவிடும். கேமரா கையில் இல்லாத நாளிலும் படங்கள் கண்ணில் படத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். அப்படிப் பட்டால் மறுநாள் கேமராவை எடுத்துப் போகாமல் இருக்க முடியாது.

எந்தக் குவியத் தூரம் உங்களுக்கு இயல்பானது என்பதைப் பிறர் சொல்லத் தேவையில்லை. நீங்கள் ஏற்கெனவே எடுத்த படங்களே சொல்லும். ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் அது எத்தனை மி.மீ.-இல் எடுக்கப்பட்டது என்ற விவரம் பதிவாகியிருக்கிறது. கணினியில் படத்தின் பண்புகளைத் திறந்தாலும், கேமராவிலேயே படத்தை ஓடவிட்டு இன்ஃபோ பொத்தானை அழுத்தினாலும் அதைக் காணலாம். ஆனால் எடுத்த எல்லாப் படங்களையும் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்களுக்கே பிடித்து, பிறருக்கு அனுப்பியவற்றை மட்டும் தனியே எடுத்து, அவை எந்த எண்ணைச் சுற்றிக் குவிகின்றன என்று பாருங்கள். 20-க்கும் 30-க்கும் இடையில் குவிந்தால் 24 உங்களுடைய லென்ஸ். 45-க்கு மேலே குவிந்தால் என் பரிந்துரையை மாற்றிக்கொண்டு 50 வாங்குங்கள். எண்கள் வெறுமனே 18-இலும் 55-இலும் போய் முட்டி நின்றால், நீங்கள் வளையத்தை இரண்டு கோடிகளுக்கும் தள்ளிப் பழகியிருக்கிறீர்கள் என்று பொருள்; அதற்கு மருந்து ஒரு பிரைம் லென்ஸ்தான்.

50 மி.மீ. லென்ஸைப் பற்றிய பேச்சில் ஒரு குழப்பம் தொடர்ந்து வருகிறது. அதை இங்கே தீர்த்துவிடுவது நல்லது. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் தம் வாழ்நாளின் பெரும்பாலான படங்களை லைக்கா கேமராவில் 50 மி.மீ. லென்ஸை மாட்டித்தான் எடுத்தார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்தார். அன்று அது நம் வட ஆர்க்காடு மாவட்டத்துக்குள் இருந்த ஊர், 1989-இல்தான் பிரிந்து போனது. அவரைப் போல 50 போதும் என்று சொல்லி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. லைக்காவின் ஃபிலிம் சட்டம் 36 மி.மீ. அகலம் கொண்டது, உங்கள் 200டி-யில் ஒளியைப் படமாகப் பதியும் சென்சார் 22.3 மி.மீ. அகலம்தான். ஆகவே கேனானின் இந்த வகைக் கேமராவில் எந்த லென்ஸும் 1.6 மடங்கு நெருக்கிக் காட்டும். அவருடைய 50 காட்டிய அகலத்தை உங்கள் கேமராவில் பெற ஏறக்குறைய 31 மி.மீ. தேவை. உங்கள் கேமராவில் 50-ஐ மாட்டினால் அது 80 மி.மீ. போல நடந்துகொள்ளும், 24-ஐ மாட்டினால் 38 மி.மீ. போல. தெருவையும் வீட்டையும் மனிதரோடு சேர்த்துக் காட்ட விரும்பியவர்கள் பலர் காலங்காலமாகப் புழங்கிய 35 மி.மீ. பார்வைக்கு இந்த 38 மிக அருகில் இருக்கிறது.

இதை உங்கள் தெருத் தறி வீட்டில் வைத்து அளந்து பாருங்கள். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, நின்றிருக்கும் ஒருவரைத் தலை முதல் கால் வரை சட்டத்துக்குள் கொண்டுவர 50 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் 13 அடி இடைவெளி வேண்டும். 24-க்கு ஆறரை அடி போதும். குழித்தறி போட்ட அறையில் தறியே பாதி இடத்தை எடுத்துக்கொள்கிறது. பின்னால் சுவர், பக்கத்தில் பாவு எனும் நீளவாட்டு இழைகளைச் சுற்றிய உருளை. 13 அடி பின்வாங்க வேண்டுமானால் தெருவில்தான் போய் நிற்க வேண்டும். 50-ஐ மாட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போகிறவர் முகத்தை மட்டும், கையை மட்டும், குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்புவார். நெய்பவரும் தறியும் அறையும் ஒன்றாகத் தெரியும் படம் அவருக்குக் கிடைக்காது. 24 அந்தப் படத்தையும் எடுக்கும். அதோடு சென்சாரிலிருந்து 16 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும் என்பதால், அறுந்த பாவு இழையை முடிச்சிடும் விரல்களைத் தறிக்கு மேலே குனிந்து எடுக்கவும் அதுவே போதும்.

வெளிச்சக் கணக்கில் 24-ஐ நான் மிகையாகப் புகழப் போவதில்லை. 18-55 லென்ஸும் 24 மி.மீ. நிலையில் எஃப் 4-ஐ ஒட்டித் திறக்கும், எஃப் 2.8 அதைவிட இரண்டு மடங்கு வெளிச்சம் தருகிறது, அவ்வளவே. 50-இன் எஃப் 1.8 தருவதோ, 18-55 தன் 55 மி.மீ. முனையில் தரும் எஃப் 5.6-ஐவிட ஏறத்தாழ பத்து மடங்கு. எஃப் 5.6-இல் 1/15 வினாடி ஷட்டர் வேகம் மட்டுமே கிடைக்கும் அறையில் எஃப் 1.8-இல் 1/150 கிடைக்கும். இந்த வேறுபாடு பெரியது என்பதால்தான் உங்கள் மாமா மகன் போன்ற ஸ்டூடியோக்காரர்கள் 50-ஐக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கிறார்கள். மண்டபத்தில் மணமக்களின் முகத்தை எடுப்பது அவர்கள் தொழில். 18-55-இல் ஆட்டத்தைத் தடுக்கும் வசதி இருக்கிறதே, 24-இலும் 50-இலும் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். அந்த வசதி உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் சமன் செய்யும். கயிற்றை இழுத்து நாடாவை ஓடவிடும் நெசவாளியின் கை வேகத்தை அதனால் நிறுத்த முடியாது. அதற்கு ஷட்டர் வேகம் ஒன்றே வழி. கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ-வை 1600, தேவைப்பட்டால் 3200 வரை ஏற்றத் தயங்காதீர்கள். படத்தில் சற்றுப் பொரிப்பொரியாகத் தெரிவதால் யாரும் ஒரு நல்ல படத்தை ஒதுக்குவதில்லை. முகம் கலங்கிப் போயிருந்தால் ஒதுக்கிவிடுவார்கள்.

50-ஐ வாங்குவதாக முடிவெடுத்தால் ஓர் எச்சரிக்கை. ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எஃப் 1.8-இல் எடுக்கும்போது தெளிவாக விழும் ஆழம் மூன்று செ.மீ.கூட இருக்காது. கண்ணிமை தெளிவாகவும் காது மங்கலாகவும் விழும். முதல் வாரம் இந்த மங்கல் பின்னணி மிகவும் மயக்கும். எல்லாவற்றையும் அப்படியே எடுத்து, பிறகு எல்லாப் படமும் ஒரே மாதிரி இருப்பதாக அலுத்துக்கொண்டு, லென்ஸை உறையில் போட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். எஃப் 2.8, எஃப் 4 என்று சற்று மூடி எடுத்துப் பழகினால் லென்ஸும் கூர்மையாகும், மனிதர் இருக்கும் இடமும் தெரியும்.

வைகாசி முதல் நாள் சிரசுத் திருவிழாவுக்கு 24 வேறொரு வகையில் உதவும். அந்த நெரிசலில் யாரும் உங்களைப் பின்வாங்க விடமாட்டார்கள். ஆட்டோ ஃபோகஸும் குறுக்கே வரும் கைகளையும் மாலைகளையும் துரத்திக்கொண்டிருக்கும். கேமராவை எஃப் 8-இல் வைத்து, எட்டடி தொலைவில் உள்ள ஒன்றின்மீது ஃபோகஸ் செய்துவிட்டு, லென்ஸின் பக்கத்தில் உள்ள பொத்தானை எம்எஃப் (கையால் ஃபோகஸ் செய்யும் நிலை) பக்கம் தள்ளிவிடுங்கள். அதன் பிறகு சுமார் ஐந்தடி முதல் இருபதடி வரை உள்ள எல்லாம் தெளிவாகவே விழும். கத்திரி வெயிலில் ஐஎஸ்ஓ 400 வைத்தாலே 1/1600 வினாடி வரை கிடைத்துவிடும் என்பதால், நீங்கள் செய்ய வேண்டியது கேமராவை உயர்த்தி அழுத்துவது மட்டுமே. நடுவில் கேமரா தானாக அணைந்துவிட்டால் ஃபோகஸ் இடம் மாறியிருக்கலாம், ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

18-300-ஐ வேண்டாம் என்றதற்குக் காரணம் எளியது. அந்த வீச்சில் பெரும்பகுதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நீள முனையில் அது எஃப் 6.3 வரைதான் திறக்கும். எடையும் அரை கிலோவைத் தாண்டும். 24-இன் எடை 125 கிராம். கேமராவோடு சேர்த்தாலும் அறுநூறு கிராமுக்குள் அடங்கி, பள்ளிக்குக் கொண்டுபோகும் கைப்பையில் சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கும். கூடவே வருகிற கேமராவில்தான் படம் விழும் என்பதால், இந்த எடைக் கணக்கைக் கூர்மைக் கணக்கைவிட முக்கியமானதாக நான் கருதுகிறேன்.

அதற்காக 55-250-ஐ விற்றுவிடாதீர்கள். தை மாதத்தில் நம் பக்கத்து ஊர்களில் எருது விடும் விழா நடக்கும்போது, தடுப்புக்குப் பின்னால் பாதுகாப்பாக நின்று 1/1000 வினாடியில் எடுக்க அதைவிடச் சிக்கனமான லென்ஸ் கிடையாது. கோட்டையைப் பொறுத்தவரை, அகழியும் மதிலும் ஒருசேர வேண்டுமானால் 18 மி.மீ. முனையே போதும், 10-18 வகை அகல லென்ஸ் இப்போதைக்குத் தேவையில்லை. ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தின் யாளித் தூண்களை அகல லென்ஸால் அண்ணாந்து எடுத்தால் தூண்கள் உள்நோக்கிச் சாயும். சற்றுத் தள்ளி நின்று, கேமராவை நிமிர்த்திப் பிடித்து, பக்கவாட்டு வெளிச்சம் சிற்பத்தின்மேல் விழும் காலை நேரத்தில் 24-இலேயே எடுங்கள். தொல்லியல் துறை பராமரிக்கும் இடம் என்பதால் முக்காலி வைக்க அனுமதி வேண்டும். கோயிலுக்குள் எங்கெல்லாம் எடுக்கலாம் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பூ, பூச்சி எடுக்கும் ஆசை பின்னால் வந்தால் 50-க்கும் கேமராவுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் டியூப் எனும் வெற்றுக் குழாயைப் போட்டுச் சமாளிக்கலாம். மிக நெருங்கி எடுக்கும் தனி மேக்ரோ லென்ஸுக்கு அவசரமில்லை.

கேனான் நிறுவனம் தன் கவனத்தை மிரர்லெஸ் எனும் புதிய வகைக் கேமராக்களுக்கான ஆர்எஃப் லென்ஸ்களுக்குத் திருப்பிவிட்டதால், 24-ஐப் பெரும்பாலும் பழைய லென்ஸாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். கடையிலேயே இரண்டு மூடிகளையும் கழற்றி, செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கத்தில் சாய்வாகப் பாருங்கள். ஓரிரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை. ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சிலந்தி நூல்போலக் கிளைத்திருந்தால் அது பூஞ்சணம். எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். பிறகு லென்ஸை உங்கள் கேமராவில் மாட்டி, எழுத்துள்ள ஏதாவது ஒன்றை முழுத் திறப்பில் ஒருமுறை வியூஃபைண்டர் வழியாகவும், ஒருமுறை பின்திரையைப் பார்த்தும் எடுத்து, இரண்டையும் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். திரையில் பார்த்து எடுத்தது கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால் கோளாறு லென்ஸின் கண்ணாடியில் இல்லை. கேமராவும் லென்ஸும் ஃபோகஸில் ஒத்துப்போகவில்லை. உங்கள் கேமராவில் அதை நாமே திருத்தும் வசதி இல்லாததால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். அல்லது திரையைப் பார்த்தே எடுத்துப் பழகிக்கொள்ளலாம்.

பணம் மிஞ்சினால் முதலில் காற்றுப் புகாத டப்பா ஒன்றும் சில சிலிகா ஜெல் பைகளும் வாங்கி, மூன்று லென்ஸ்களையும் துணி அலமாரியிலிருந்து அதற்கு மாற்றுங்கள். வேலூர் வெயிலில் பூஞ்சணம் பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடிய அலமாரிக்குள் அது தாராளமாகப் பிடிக்கும், அதிலும் மாதக்கணக்கில் தொடாமல் வைத்த லென்ஸில்தான் முதலில் பிடிக்கும்.