60களின் நேரடி சோல் ஆல்பங்கள் ஏன் இப்படிச் சிலிர்க்க வைக்கின்றன? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

சோல் என்பது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டு வகை. நேரடி ஆல்பம் என்றால் மேடையில், கூட்டத்தின் முன் பதிவானது. சிலிர்ப்புக்கு அந்தக் கூட்டம்தான் காரணம். அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களில் போதகர் ஒரு வரி சொன்னால் சபை உடனே எசப்பாட்டுப் பாடும். சோல் பாடகர்களில் பலரும், அவர்களைக் கேட்க வந்தவர்களில் பலரும் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள். ஸ்டுடியோ பதிவில் பாதிப் பாட்டுதான் இருக்கிறது. மீதியைப் பாட ஆள் வேண்டும்.

ஜேம்ஸ் பிரவுனின் 'லைவ் அட் தி அப்போலோ'விலிருந்து தொடங்குங்கள். 1962 அக்டோபர் 24, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உள்ள அப்போலோ அரங்கில் பதிவானது. ஏற்கெனவே விற்ற பாட்டுகளை மறுபடி யார் வாங்குவார்கள் என்று அவருடைய இசைத்தட்டு நிறுவனமான கிங் ரெக்கார்ட்ஸின் முதலாளி சிட் நேதன் பணம் தர மறுத்தார். பிரவுன் கைக்காசு 5,700 டாலர் போட்டுப் பதிவு செய்தார். 1963இல் வெளிவந்து அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் 66 வாரம் நின்றது. 2ஆம் இடம் வரை ஏறியது.

மொத்தமே அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். தொடக்கத்தில் அறிவிப்பாளர் ஒவ்வொரு பாட்டின் பெயரையும் சொல்லச் சொல்ல, ஹார்ன்கள் (ட்ரம்பெட், சாக்ஸபோன் போன்ற ஊதுகருவிகள்) ஒவ்வொரு படியாக மேலேறும். பிரவுன் வாய் திறக்கும் முன்பே அரங்கம் கொதித்துவிடுகிறது. ஆனால் உயிர்நாடி 'லாஸ்ட் சம்ஒன்'. 10 நிமிடத்துக்கு மேல் இசைக்குழு ஒரு சின்னச் சுற்றையே விடாமல் வாசிக்கிறது. அவர் குரலைத் தாழ்த்தும்போது கூட்டத்தில் தனித்தனிக் குரல்கள் கேட்கும். அவற்றுக்கு அவர் பதில் சொல்வதும் கேட்கும். பழைய எல்.பி.யில் இந்தப் பாட்டு முதல் பக்கத்தின் கடைசியிலும் 2ஆம் பக்கத்தின் தொடக்கத்திலுமாக உடைந்து கிடக்கும். தட்டைத் திருப்புவதற்குள் சூடு ஆறிவிடும். ஒரே தடமாக உள்ள பதிப்பைத் தேடுங்கள். ஷஃபிளை அணைத்துவிடுங்கள், பாட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியே வருகின்றன. ஒலியைக் குறைத்து வைத்தால் அந்தத் தனிக் குரல்கள் காதில் விழாது, ஹெட்ஃபோன் நல்லது.

அடுத்து சாம் குக்கை இரண்டு இடங்களில் கேளுங்கள். 1963 ஜனவரியில் மயாமியின் கறுப்பினப் பகுதியான ஓவர்டவுனில், ஹார்லெம் ஸ்கொயர் கிளப்பில் பாடியது ஒன்று. 1964 ஜூலையில் நியூயார்க்கின் பகட்டான கோப்பகபானா (சுருக்கமாகக் கோப்பா) இரவு விடுதியில் பாடியது மற்றொன்று. கோப்பாவில் மெருகு, அளவு, புன்னகை. மயாமியில் தொண்டை கிழிகிறது, கிங் கர்டிஸின் சாக்ஸபோன் பின்னாலேயே துரத்துகிறது. கோப்பா பதிவு அதே ஆண்டில் வெளிவந்தது. மயாமிப் பதிவோ மிகவும் கரடுமுரடாக இருக்கிறது என்று அவருடைய இசைத்தட்டு நிறுவனமான ஆர்.சி.ஏ. பூட்டி வைத்து, 1985இல்தான் வெளியிட்டது. என்னைக் கேட்டால் குக்கின் ஆகச் சிறந்த ஆல்பம் அதுதான்.

போலிகளும் உண்டு. ஸ்டுடியோவில் பாடியதன் மேல் கூட்டச் சத்தத்தை ஒட்டி விற்றார்கள். 1964இல் வந்த பிரவுனின் 'ஷோடைம்' அப்படிப்பட்டதுதான். கண்டுபிடிப்பது எளிது. உண்மையான கூட்டம் பாடகர் முணுமுணுத்தால் அடங்கும், வரியின் நடுவிலேயே கத்தும். ஒட்டிய கைதட்டல் ஒரே அளவில் ஓடிக்கொண்டிருக்கும், பாட்டில் என்ன நடந்தாலும் அதற்கு அக்கறையில்லை. குரல் சின்ன அறையிலும் கைதட்டல் பெரிய அரங்கிலும் இருப்பதுபோல் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

ஓட்டிஸ் ரெட்டிங்கில் 'லைவ் இன் யூரோப்' முதலில். 1967 மார்ச் சுற்றுப்பயணத்தில் பதிவானது. பின்னால் வாசிப்பது புக்கர் டி அண்ட் தி எம்.ஜி.ஸ் என்ற இசைக்குழு, ட்ரம்ஸில் அல் ஜாக்சன் ஜூனியர். கடைசிப் பாட்டு 'ட்ரை அ லிட்டில் டெண்டர்னெஸ்' மெல்ல நடந்து, பிறகு ஓட்டமெடுக்கும். அங்கே ட்ரம்ஸை மட்டும் ஒருமுறை தனியாகப் பின்தொடருங்கள். 1966இல் லாஸ் ஏஞ்சலிஸின் விஸ்கி எ கோ கோ கிளப்பில் பதிவானதில் அவருடைய சுற்றுப்பயணக் குழு வாசிக்கிறது. ஹார்ன்கள் அவ்வளவு சுத்தமாக இல்லை, ஆனால் வியர்வை அதிகம். இரண்டாவதாகக் கேட்டால் அது இன்னும் பிடிக்கும்.