சொந்தப் படம் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கும் முன்

கேள்வி: ஓசூரில் ஒரு பிரிண்டிங் கடையில் டிசைனராக இருக்கிறேன். அறிவியல் புனைவுப் படங்களைக் கிண்டலடித்து 11 நிமிட அனிமேஷன் குறும்படம் செய்தேன். கிருஷ்ணகிரி மாந்தோப்பில் வேற்றுக்கிரகவாசிகள் வந்திறங்கும் கதை. பெரியவர்களுக்கு மட்டுமான வசனமும் காட்சிகளும் உண்டு. கதையும் கதாபாத்திர ஓவியங்களும் முன்பே தயாராக இருந்தன. பிறகு கூடப் படித்த நண்பன் "படமாகவே செய்துடு" என்று மூன்று தவணையாக ஜிபேயில் 45,000 ரூபாய் அனுப்பினான். எத்தனையோ ராத்திரி தூங்காமல் முடித்துக் கொடுத்தேன். இப்போது என் பெயரே இல்லாமல் அவன் யூடியூப் சேனலில் ஏற்றிவிட்டான். இரண்டாம் பாகமும் எடுக்கப் போகிறானாம். துரோகம் செய்தவனைப் போலீஸில் பிடித்துக் கொடுக்க முடியுமா?

பதில்: துரோகத்தையும் தூக்கம் கெட்டதையும் ஓரமாக வையுங்கள். வழக்கை முடிவு செய்யப் போவது அந்த ஜிபே பதிவுதான். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் முதல் தவணைக்குக் கீழே "பட வேலைக்கு அட்வான்ஸ்" என்று இருக்கிறது. ஒருவர் கேட்டு, பணமும் கொடுத்து எடுக்கப்பட்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அவரே முதல் உரிமையாளர் என்கிறது பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17(பி). செலவுக்குக் கொடுத்த பணம்தான், சம்பளம் இல்லை என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் அந்தக் குறிப்பு அவர் பக்கம்தான் பேசும். ஆக, முடிந்த படத்தின் மீது உங்கள் பிடி பலவீனமானது.

கதையும் ஓவியங்களும் அப்படியல்ல. படத்தின் உரிமை வேறு, அதற்குள் இருக்கும் படைப்புகளின் உரிமை வேறு. பிரிவு 13(4) அதைத் தெளிவாகச் சொல்கிறது. பணம் வருமுன் நீங்களாக எழுதி வரைந்தவை உங்களுடையவை. எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் அவை கைமாறாது (பிரிவு 19). அந்தக் கதாபாத்திரங்கள் இல்லாமல் அவரால் இரண்டாம் பாகம் எடுக்க முடியாது. உங்கள் பலம் இவ்வளவுதான், ஆனால் இது நல்ல பலம்.

இனி புகாருக்கு வருகிறேன். பதிப்புரிமை மீறல் பிணையில் விட முடியாத குற்றம் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, எல்லோருக்கும் நேரே ஸ்டேஷனுக்குப் போகத்தான் ஆசை. என் கட்சிக்காரர்கள் மாட்டிக்கொண்டதும் அங்கேதான். புகாரில் நீங்கள் எழுதும் முதல் வரி என்ன? "இந்தப் படத்தை உருவாக்கியது நான்." எதிராளி அடுத்த நாளே, படம் ஆபாசம் என்று எதிர்ப்புகார் கொடுப்பார், அல்லது வேறு யாரையாவது கொடுக்க வைப்பார். உருவாக்கியவர் யார் என்று போலீஸ் தேட வேண்டியதில்லை. உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 67 வெளியிட்டவரோடு நிற்பதில்லை. மின்னணு வழியில் அனுப்பியவரையும், வெளியிடக் காரணமாக இருந்தவரையும் பிடிக்கும். முடிந்த படத்தை டிரைவ் லிங்க்கில் அனுப்பியது நீங்கள். முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். வெளிப்படையான பாலியல் காட்சி என்று 67ஏ சேர்த்தால் 5 ஆண்டு வரை, பிணையும் எளிதல்ல.

கெட்ட வார்த்தை மட்டும் ஆபாசமாகாது என்று 2024ல் ஒரு வெப் சீரிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வசனங்களுக்கு அது உதவும். படத்தில் பெரியவர்களுக்கென்று வைத்திருக்கும் அந்த விண்கலக் காட்சிக்கு உதவுமா என்பது சந்தேகம். கார்ட்டூன்தானே, 18+ என்று போட்டிருக்கிறோமே என்பதெல்லாம் பாதுகாப்பு இல்லை. கலைக்காகச் செய்தது என்ற விலக்கு சட்டத்தில் உண்டு. ஆனால் அதை விசாரணையில்தான் நிரூபிக்க முடியும். அதற்கு முன்பே உங்கள் லேப்டாப்பைக் கைப்பற்றித் தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். லேயர் லேயராக நீங்கள் வரைந்த மூலக் கோப்புகள், அதாவது உங்கள் ஒரே சாட்சி, அதற்குள்தான் இருக்கிறது. உங்கள் பிழைப்பும் அதில்தான். அது திரும்பி வர மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

யூடியூபில் ஸ்டிரைக், அதாவது பதிப்புரிமை மீறல் என்று வீடியோவை நீக்கச் சொல்லும் புகார், கொடுப்பதிலும் அவசரம் வேண்டாம். அவர் எதிர் அறிவிப்பு கொடுத்தால் 10 வேலை நாளுக்குள் நீங்கள் வழக்கு போட்டதற்குச் சான்று காட்ட வேண்டும். இல்லையென்றால் வீடியோ திரும்ப வந்துவிடும். இன்னொன்று. ஒரு பிரபல படத்தின் இசையை அப்படியே வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நம் சட்டத்தில் பகடிக்கென்று தனி விலக்கு கிடையாது. விமர்சனத்துக்கான நியாயமான பயன்பாடு என்ற பிரிவு 52க்குள்தான் அதை நுழைக்க வேண்டும். முழு இசையையும் எடுத்துப் போட்டதற்கு அது தாங்காது. படம் என்னுடையது என்று நீங்கள் எவ்வளவு உரக்கச் சொல்கிறீர்களோ, இசைக்கு உரிமை உள்ளவர் அவ்வளவு சீக்கிரம் உங்களைத் தேடி வருவார்.

நேராகவே சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள். இந்தப் படத்தை அவருக்கே விட்டுவிடுங்கள். பதிலாக, படத்திலும் விளக்கக் குறிப்பிலும் கதை, ஓவியம் உங்களுடையவை என்று பெயர் வர வேண்டும். பேசிய பணத்தில் மீதி இருந்தால் அதுவும் வேண்டும். இசையை மாற்றி, வயதுக் கட்டுப்பாட்டைப் போட வேண்டும். இரண்டாம் பாகத்துக்குக் கதாபாத்திரங்கள் வேண்டுமானால் தனிக் கட்டணம். "எல்லா உரிமையும்" என்று அவர் எழுதிக் கொண்டுவரும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு என்று பிரித்து எழுதுங்கள். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே வைத்துக்கொள்ளும்.

பேசப் போவதற்கு முன் மூலக் கோப்புகளைத் தேதி மாறாமல் தனி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, வேறு வீட்டில் வையுங்கள். அவர் மறுத்தால், கதாபாத்திரங்களின் உரிமையை மட்டும் வைத்து வக்கீல் நோட்டீஸ், பிறகு கிருஷ்ணகிரி மாவட்ட நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்கு. அதற்கு 3 ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஸ்டேஷன் வாசலை மட்டும் மிதிக்காதீர்கள்.