கேசரிக்கு சாமான் வாங்கறவங்களுக்கு: கேள்வி-பதில்

கேள்வி: அக்கா, கடையில ரவைனு கேட்டா பாம்பே ரவை, சிரோட்டி ரவை, சம்பா ரவை, வறுத்த ரவைனு எடுத்து அடுக்கறாங்க. கேசரிக்கு எது வாங்கறது? வறுத்த ரவைக்கு கூட காசு குடுக்கலாமா?

பதில்: பாம்பே ரவையே போதும்மா, உப்புமாக்கு வாங்கறீங்கல்ல அதே வெள்ளை ரவைதான். சிரோட்டி ரவை ரொம்ப பொடிசு, பெங்களூர் பக்கம் கேசரி பாத்துக்கு அத போடறவங்க உண்டு, நல்லா வந்தா வாயில வழுக்கிட்டு போகும், கொஞ்சம் அசந்தா களியாயிடும். சம்பா ரவை கோதுமைய தோலோட உடைச்சது, தண்ணியும் நேரமும் நிறைய கேக்கும். வறுத்த ரவைக்கு கேசரி விஷயத்துல கூட காசு குடுக்கறது தண்டம், ஏன்னா எப்படியும் நெய்ல இன்னொரு வாட்டி வறுக்கத்தான் போறோம், அந்த நெய்ல வறுக்கற வாசனை பாக்கெட்ல வராது. வண்டு சீக்கிரம் விழாதுங்கறது மட்டும்தான் அதுல லாபம், அதுக்கு வாங்கினதும் வெறும் வாணலில லேசா சூடு காட்டி நல்லா ஆறினப்புறம் டப்பால போட்டா முடிஞ்சுது.

பாக்கெட்ட வெளிச்சத்துல தூக்கி பாருங்க. ரவை பொலபொலன்னு ஓடணும், ஓரத்துல நூலாம்படை மாதிரி கட்டிக்கிட்டு நாலஞ்சு குருணை தொங்குச்சுன்னா உள்ள புழு இருக்குனு அர்த்தம், தேதி எவ்ளோ புதுசா இருந்தாலும் வேண்டாம். லூஸ்ல வாங்கினா ஒரு தட்டுல பரப்பி மேல காந்தத்த ஒரு ஓட்டு ஓட்டுங்க, அரவையில உதிர்ந்த இரும்புத்தூள் இருந்தா ஒட்டிக்கிட்டு வந்துடும். சீல் போட்ட பாக்கெட்ல வண்டு இருந்தா பில்லையும் கவரையும் தூக்கிப் போட்டுடாதீங்க, போட்டோ எடுத்துக்கிட்டு கடையில கேளுங்க, மசியலன்னா 1915க்கு போன் போடுங்க, நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் அது.

கேள்வி: ஒரே மாதிரி ரெண்டு நெய், ஒரே விலை, ரெண்டுலயும் 500னு போட்டிருக்கு. ஆனா ஒண்ணு கிராம், ஒண்ணு மில்லி. ரெண்டும் ஒண்ணுதானே?

பதில்: இல்லவே இல்ல, நிறைய பேர் கோட்டை விடற இடம் இதுதான். நெய் தண்ணிய விட லேசு, ஒரு லிட்டர் நெய் கிட்டத்தட்ட 910 கிராம்தான் நிக்கும், அப்போ 500 மில்லிங்கறது சுமார் 455 கிராம். சும்மா கணக்குக்கு ரெண்டும் 350 ரூபானு வச்சுக்கோங்க, கிராம் டப்பால ஒரு கிராம் 70 பைசா, மில்லி டப்பால அதே ஒரு கிராம் 77 பைசா ஆகுது. பாக்கெட்ல எம்ஆர்பி பக்கத்துல பொடி எழுத்துல யூனிட் விலைனு ஒண்ணு போட்டிருப்பாங்க, அத பாத்தாலும் ஏமாறுவீங்க, ஒண்ணுல கிராமுக்கு 70 பைசா, இன்னொண்ணுல மில்லிக்கு 70 பைசானு சமமா தெரியும். மில்லி விலைய 1.1ஆல பெருக்கிட்டு அப்புறம் ஒப்பிடுங்க.

அப்புறம் அதே ஷெல்ப்ல பூஜை நெய், தீப நெய்னு மஞ்ச டப்பால சீப்பா நிக்கும். எடுத்து திருப்பி பாருங்க, சமையலுக்கு அல்லனு மூலைல இருக்கும். விளக்குக்கு ஊத்துங்க, கேசரிக்கு வேண்டாம். டப்பால எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசோட உணவு பாதுகாப்பு ஆணையம், குடுக்கற 14 இலக்க லைசென்ஸ் நம்பர் இருக்கணும், அரசாங்கத்தோட தர முத்திரையான அக்மார்க் இருந்தா இன்னும் நிம்மதி. இன்னொண்ணு, 2025 செப்டம்பர் 22ல இருந்து நெய்க்கு ஜிஎஸ்டி 12 பர்சன்ட்லருந்து 5 ஆயிடுச்சு, பில்லுல எவ்ளோ போட்டிருக்காங்கனு ஒரு பார்வை பாத்துக்கோங்க.

மணல் மணலா இருந்தா சுத்த நெய்னு சொல்றத நம்பாதீங்க, அது ஆறின விதத்த பொறுத்தது. வீடியோல ஆசிடும் சர்க்கரையும் போட்டு சிவப்பாச்சுனா கலப்படம்னு காட்டறாங்களே, அது வனஸ்பதிய கண்டுபிடிக்கற டெஸ்ட், அதுவும் எப்படினா நம்ம நாட்டுல வனஸ்பதில நல்லெண்ணெய் கொஞ்சம் சேக்கணும்னு விதி, அந்த நல்லெண்ணெய்தான் சிவப்பு காட்டுது. நல்லெண்ணெய் இல்லாம வெறும் பாமாயில கலந்தா அந்த டெஸ்ட்ல ஒண்ணுமே தெரியாது. அதனால வீட்ல ஆசிட வச்சு விளையாட வேணாம், நிஜமாவே சந்தேகம்னா உணவு பாதுகாப்பு சட்டத்துல நாமளே ஃபீஸ் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளர்கிட்ட குடுத்து ரிப்போர்ட் வாங்க வழி இருக்கு, ஆனா டெஸ்டுக்கு குடுக்கப் போறேன்னு வாங்கறப்பவே கடைக்காரர்கிட்ட சொல்லிடணும். சொல்லும்போது அவர் மூஞ்சி போற போக்குலயே பாதி ரிப்போர்ட் வந்துடும்னு வைங்க.

கேள்வி: குழந்தைங்க சாப்பிடறாங்க, கேசரி பவுடர் போடலாமா? குங்குமப்பூ கட்டுப்படியாகல.

பதில்: போடலன்னாலும் கேசரி கேசரிதான், வெள்ளையா இருக்கும், ருசில ஒண்ணும் குறையாது. போடணும்னா லேபிள் உள்ளத மட்டும் வாங்குங்க, சன்செட் யெல்லோ, டார்ட்ராசின்னு அனுமதிச்ச கலர் பேர் எழுதியிருக்கும், ஸ்வீட்டுக்கு 100 பிபிஎம் வரைக்கும்தான் லிமிட், அதாவது ஒரு கிலோ கேசரிக்கு 100 மில்லிகிராம் கலர். ரெண்டு விரல் நுனில கிள்ளி எடுக்கற அளவு தாண்டக்கூடாது, பல பவுடர்ல பாதிக்கு மேல உப்புதான்ங்கறதால நிறைய கொட்டினா லேசா உப்பு வேற கரிக்கும். பேர் இல்லாம பொட்டலம் கட்டி விக்கற கலர் மட்டும் தொடவே தொடாதீங்க, மெட்டானில் யெல்லோ மாதிரி தடை பண்ணின சாயம் வர்றது அந்த வழியாத்தான். 2024 பிப்ரவரில பஞ்சுமிட்டாய்ல ரோடமின் பிங்கற சாயம் இருந்துச்சுனு தமிழ்நாட்டுல தடை போட்டாங்களே, ஞாபகம் இருக்கும்.

குங்குமப்பூவ சூடான பால்ல போட்டா நிதானமா மஞ்சளா இறங்கும், இதழ் சிவப்பாவே நிக்கும். போட்ட உடனே பால் சிவந்து இதழ் வெளுத்துச்சுனா சாயம் ஏத்தினதுனு சந்தேகப்படலாம்.

கேள்வி: முந்திரில டபிள்யூ 240, டபிள்யூ 320னு என்ன? எது நல்லது?

பதில்: ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிக்குதுங்கற கணக்கு அது, நம்பர் கம்மியானா பருப்பு பெருசு, விலையும் பெருசு. கேசரிக்கு பாதி உடைச்சது வாங்குங்க, முழுசு வாங்கி வந்து நாமளே உடைக்கறதுக்கு ஏன் கூட குடுக்கணும். பண்ருட்டி பக்கம் போறவங்க அங்கேயே உடைசல் வாங்கிட்டு வாங்க.

கேள்வி: புது பிராண்ட் ரவை வாங்கினேன், கேசரி வெறைச்சு போய் கட்டி கட்டியா இருக்கு. மட்டமான ரவைனு திருப்பிக் குடுக்கலாமா?

பதில்: ரவை மேல பழிய போடாதீங்க, சர்க்கரைய எப்ப போட்டீங்கனு யோசிங்க. ரவை வெந்து பூரிக்கறதுக்கு முன்னாடி சர்க்கரை விழுந்தா தண்ணிய அது இழுத்துக்கும், ரவை அரைவேக்காட்டுல அப்படியே நின்னுடும், அப்புறம் எவ்ளோ கிளறினாலும் வேகாது. ஒரு கப் ரவைக்கு மூணு கப் தண்ணி தளதளன்னு கொதிக்கணும், நெய்ல வறுத்த ரவைய ஒரு கையால தூவிக்கிட்டே மறு கையால கிளறணும், தீய குறைச்சு மூடி வச்சு, ஒரு குருணைய எடுத்து விரலால நசுக்கினா நடுவுல வெள்ளையா கடுக்குனு எதுவும் தட்டுப்படாம மசியணும், அப்பதான் ஒன்றரை கப் சர்க்கரை. போட்டதும் மறுபடி தண்ணியா இளகும், பயந்து தீய ஏத்தாதீங்க. அரை கப்புலருந்து முக்கால் கப் நெய்ய கொஞ்சம் கொஞ்சமா விட்டு, வாணலி ஓரத்துல ஒட்டாம சுருண்டு வந்தா எறக்கிடுங்க, ஆறினா இன்னும் கெட்டியாகும்ங்கறதால கொஞ்சம் தளர எறக்கறது நல்லது.

கேள்வி: இன்ஸ்டன்ட் கேசரி மிக்ஸ் வாங்கலாமா?

பதில்: வாங்கறதுக்கு முன்னாடி பின்பக்கம் படிங்க. எது எடைல அதிகமோ அதத்தான் முதல்ல எழுதணும்னு விதி, பெரும்பாலும் முதல் பேரே சர்க்கரையாத்தான் இருக்கும், அப்புறம் ரவை. நெய்ங்கற பேரு எங்க வருதுனு தேடுங்க, பல பாக்கெட்ல அது இருக்கவே இருக்காது, செய்முறைல பொடி எழுத்துல நெய் சேர்க்கவும்னு நம்ம தலைலயே கட்டியிருப்பாங்க. கேசரில காசு ஆகறதே நெய்க்கும் முந்திரிக்கும்தான், அது ரெண்டும் நாமளே போடணும்னா அந்த பாக்கெட்ல நாம காசு குடுத்து வாங்கறது சர்க்கரையும் ரவையும் கொஞ்சம் கலரும். ஹாஸ்டல்ல, பேச்சிலர் ரூம்ல இருக்கறவங்க அளக்க சோம்பலா இருந்தா வாங்கிக்கோங்க, தப்பில்ல. வீட்ல ரவையும் சர்க்கரையும் டப்பால இருக்கறவங்களுக்கு எதுக்கு அது.